கேஸ் போடுவதற்கு முன்: ஏரிக்கரையிலிருந்து பசுமைத் தீர்ப்பாயம் வரை

ஒரு நாள் காலை ஏரியில் மீன் செத்து மிதக்கிறது. முந்தின ராத்திரி யாரோ டேங்கர் லாரியில் வந்து எதையோ கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஊரே கரையில் நிற்கிறது. பத்துப் பேர் போனில் படம் எடுக்கிறார்கள். "இதை விடக்கூடாது, கேஸ் போடணும்" என்கிறார் ஒருவர். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். மதியத்துக்குள் கூட்டம் கலைந்துவிடுகிறது. எட்டு மாதம் கழித்து ஒரு வக்கீலைத் தேடிப் போகும்போது கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த நாலு மங்கலான படங்களும் நிறையக் கோபமும்தான்.

அந்த எட்டு மாதத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மத்தியச் சட்டங்கள் பற்றிய பகுதிகள் மற்ற மாநிலத்தவருக்கும் பொருந்தும். ஊர்க்காரர்களோடு சேர்ந்து மனு எழுதியும், விசாரணை நாட்களில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டும் எனக்குப் புரிந்தது இது: சுற்றுச்சூழல் வழக்குகளில் பாதி, கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பே கரையிலேயே முடிவாகிவிடுகின்றன. மீதிப் பாதி, தீர்ப்புக்கு அப்புறம் முடிவாகின்றன.

சட்டம் நம் பக்கம் எவ்வளவு இருக்கிறது

நிறையவே இருக்கிறது. 1974-இல் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1981-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் என்று வரிசையாக வந்தன. அரசியலமைப்பில் 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தது. சூழலைக் காப்பது அரசின் பொறுப்பு என்கிறது 48ஏ. குடிமக்களின் கடமை என்கிறது 51ஏ(ஜி).

ஆனால் இந்தச் சட்டங்களுக்கு உயிர் கொடுத்தது நீதிமன்றங்கள்தான். அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு சொல்லும் 'உயிர் வாழும் உரிமை'யில் மாசில்லாத தண்ணீரும் காற்றும் அடக்கம் என்று 1991-இல் சுப்ரீம் கோர்ட் சுபாஷ் குமார் வழக்கில் சொன்னது. அதே ஆண்டு வேலூர்ப் பகுதியிலிருந்து இன்னொரு மனு அங்கே போனது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றிலும் விளைநிலங்களிலும் கலந்து கிணறுகளெல்லாம் கெட்டுப்போயிருந்த நேரம் அது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு இரண்டு கொள்கைகளை இந்தியச் சட்டத்தின் பகுதியாகவே ஆக்கிவிட்டது. முதலாவது, ஆபத்து முழுமையாக நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். தன் தொழிலால் சூழலுக்குக் கேடில்லை என்று காட்ட வேண்டியது தொழில் நடத்துபவரின் பொறுப்பு. இரண்டாவது, கெடுத்தவரே காசு கொடுத்துச் சரிசெய்ய வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் தர வேண்டும். இன்றைக்கு நாட்டின் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் அதில் நம் பாலாற்று வழக்கின் பெயர் வந்துவிடும். எனக்கு இது பெருமையாகவும் இருக்கிறது, வலிக்கவும் செய்கிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் வேலை: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

கோபத்தைத் தேதியாக மாற்ற வேண்டும். கோடு போட்ட சாதாரண நோட்டு போதும். ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், இடம், பார்த்தது என்ன, கூட இருந்தது யார் என்று எழுதுங்கள். "அடிக்கடி கழிவு விடுகிறார்கள்" என்ற வாக்கியத்தால் பிரயோஜனம் இல்லை. "செவ்வாய் இரவு 11.40, கிழக்கு மதகுக்கு அருகில், கருநீலத் தண்ணீர், அழுகிய முட்டை வாடை, சுமார் இருபது நிமிடம் ஓடியது" என்று பதினைந்து பதிவுகள் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் யோசிப்பார். லாரி வந்தால் பதிவெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லாரியை மறிக்கவோ துரத்தவோ வேண்டாம்.

படம் எடுக்கும்போது போனில் இருப்பிடப் பதிவை இயக்கி வையுங்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், வாரம் ஒருமுறை எடுத்தால் மாற்றம் தானாகத் தெரியும். கோயில் கோபுரம், மின்கம்பம், மதகு என்று அசையாத ஏதாவது ஒன்று சட்டகத்துக்குள் இருக்கட்டும். எடுத்த மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் படம் சுருங்கிவிடும், அதற்குள் இருக்கும் தேதி, இட விவரங்களும் போய்விடும். 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டப்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும் (63-ஆவது பிரிவு). படத்தை எடுத்தவர் யார், எந்தக் கருவியில் எடுத்தார் என்பது அப்போது தேவைப்படும். அதனால் எல்லோர் போனிலிருந்தும் அள்ளாமல், இரண்டு பேரை மட்டும் படம் எடுக்கும் பொறுப்பில் வையுங்கள்.

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களையும் பார்க்கலாம். ஏரி எந்த வருடம் சுருங்கியது, கட்டடம் எப்போது முளைத்தது என்பதைக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை.

தண்ணீரைச் சோதிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சோதிக்கலாம். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து, மாதிரி எடுத்த நேரத்தையும் இடத்தையும் எழுதி வாங்குங்கள். ஆனால் ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர்ச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி, ஆலைக்குத் தகவல் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆள் எடுக்கும் மாதிரிக்குத்தான் சட்டப்படியான மதிப்பு உண்டு. உங்கள் ரிப்போர்ட் அதற்கு ஈடாகாது. அதன் பயன் வேறு: "இங்கே பிரச்சினை இருக்கிறது, வாரியமே மாதிரி எடுக்கட்டும்" என்று கேட்கும் உரிமையை அது உங்களுக்குத் தருகிறது. படிக்கத் தெரிந்துகொள்ள இரண்டு எண்கள்: நீர்நிலையில் விடும் கழிவுநீரின் பி.ஓ.டி. அளவு (அதிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைக்க எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்பது) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், அமில காரத் தன்மை (பி.ஹெச்.) 5.5-க்கும் 9-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இவை பொதுவான வரம்புகள். சில தொழில்களுக்குத் தனி வரம்பு உண்டு.

நிலம் யார் பெயரில் இருக்கிறது

பிரச்சினை ஆக்கிரமிப்பு என்றால், வருவாய்த் துறைப் பதிவேடுதான் உங்கள் முதல் சாட்சி. சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, 'அ' பதிவேட்டில் அந்த இடம் என்னவென்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு என்று அதில் இருக்கும். புலப்படத்தில், அதாவது அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடத்தில், எல்லை தெரியும். இரண்டையும் தமிழக அரசின் இணையவழி நிலப்பதிவுச் சேவையிலேயே பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கேட்டால், அவர் நல்லவராக இருக்கும் பட்சத்தில், பழைய கதையும் சேர்ந்து கிடைக்கும்.

நீர்வளத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரி என்றால், 2007-இல் தமிழ்நாடு கொண்டுவந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. மற்ற புறம்போக்குகளுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். நீர்நிலைகளைப் பழையபடி மீட்க வேண்டும் என்று 2001-இல் சுப்ரீம் கோர்ட் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கிலும், 2005-இல் சென்னை உயர் நீதிமன்றம் எல். கிருஷ்ணன் வழக்கிலும் சொல்லியிருக்கின்றன.

இங்கே மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் முப்பது குடும்பங்களை முதலில் கிளப்பிவிட்டு, ஏரிக்கு நடுவில் நிற்கும் கல்யாண மண்டபத்தைக் கடைசிக்கு விடும் அகற்றல்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மனு அதற்குக் கருவியாகிவிடக் கூடாது. வீடு இழப்பவர்களுக்கு மாற்று இடம் கொடுத்த பிறகே அகற்ற வேண்டும் என்ற கோரிக்கையை மனுவிலேயே எழுதுங்கள். அவர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

தகவல் உரிமை மனு: காரணம் கேட்காதீர்கள், காகிதம் கேளுங்கள்

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப்போல் சாதாரண ஆளின் கைக்கு வந்த கருவி வேறொன்று இல்லை. கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் கோர்ட்டு வில்லை ஒட்டியே அனுப்பலாம். தமிழிலேயே எழுதலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில்.

புதியவர்கள் செய்யும் தவறு, "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்பது. அதற்கு ஒரு வரிப் பதில் வரும், அல்லது 'இது தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று திரும்பி வரும். இருக்கும் ஆவணத்தின் நகலைக் கேட்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் என்றால் இப்படி: இன்ன சர்வே எண்ணில் இயங்கும் ஆலைக்குக் கொடுத்த நிறுவுவதற்கான இசைவாணை (வாரியம் தரும் அனுமதி ஆணை), இயக்குவதற்கான இசைவாணை ஆகியவற்றின் நகல், நிபந்தனைகளோடு, கடந்த மூன்று ஆண்டுகளில் அதிகாரிகள் போய்ப் பார்த்த ஆய்வு அறிக்கைகள், எடுத்த மாதிரிகளின் சோதனை முடிவுகள், அனுப்பிய விளக்கம் கேட்பு நோட்டீஸ்கள், அவற்றுக்கு ஆலை கொடுத்த பதில்கள்.

இசைவாணை கையில் வந்ததும் நிபந்தனைகளை ஒரு முறைக்கு மூன்று முறை படியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் கழிவுநீர் வரலாம், அதை எங்கே விட வேண்டும், இசைவாணை எந்தத் தேதியோடு முடிகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். பல வழக்குகளின் முதுகெலும்பே இந்த ஒரு காகிதம்தான். காலாவதியான இசைவாணையில் ஓடும் ஆலையைப் பற்றி நீங்கள் வேறெதையும் நிரூபிக்கக்கூடத் தேவைப்படாமல் போகலாம்.

அதிகம் பேர் பயன்படுத்தாத இன்னொரு வசதியும் இந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் இருக்கிறது. அரசின் கட்டுப்பாட்டில் உள்ள பணியையும் ஆவணத்தையும் நேரில் போய்ப் பார்க்கலாம், பொருளின் சான்றிட்ட மாதிரியையும் கேட்கலாம். நகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டுப் பாருங்கள்.

பதில் வரவில்லை என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. பதில் வராமல் போனதும் ஓர் ஆதாரம்தான். அந்தத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மனுக் கொடுப்பதும் ஒரு கலை

நேராகக் கோர்ட்டுக்குப் போனால் முதல் கேள்வி, "அதிகாரிகளிடம் சொன்னீர்களா?" என்றுதான் வரும். எனவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், ஆட்சியர், உள்ளாட்சி அமைப்பு ஆகிய மூவருக்கும் ஒரே மனு போகட்டும். ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து எண் போட்ட ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம்.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். என்ன நடக்கிறது, எப்போதிலிருந்து, யாருக்கு என்ன பாதிப்பு, எந்த நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது, நீங்கள் கேட்பது என்ன, அவ்வளவுதான். வசவும் அடைமொழியும் வேண்டாம். கிராமம் என்றால் கிராம சபையில் தீர்மானம் போட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அங்கே ஊர் எழுந்து கைதூக்கிப் போட்ட தீர்மானத்தை 'தனிநபர் பகை' என்று ஒதுக்கிவிட முடியாது.

கையெழுத்தைத் தனியாளாகப் போடாதீர்கள். ஐந்து பத்துப் பேராகப் போடுங்கள். மணல், குவாரி, சாயக்கழிவு போன்ற விஷயங்களில் மிரட்டல் வருவது புதிதில்லை. மிரட்டல் வந்தால் அதையும் தேதியோடு நோட்டில் எழுதி, அன்றே போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். உங்கள் பாதுகாப்பைவிட எந்த ஏரியும் பெரிதில்லை.

எந்தக் கதவைத் தட்டுவது

பக்கத்திலேயே இருக்கும் கதவை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பொதுமக்களுக்குத் தொல்லையாக இருக்கும் எதையும் அகற்றச் சொல்லி நிர்வாகத் துறை நடுவர் உத்தரவிடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவாக இருக்கிறது. நடைமுறையில் இது உங்கள் கோட்டாட்சியர் அலுவலகம். குப்பை எரிப்பு, திறந்த சாக்கடை, தெருவுக்குள் வரும் புகை மாதிரி விஷயங்களுக்கு இது போதும்.

இந்தப் பிரிவின் பலத்தைப் புரிந்துகொள்ள மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரக் கதை உதவும். திறந்த சாக்கடையும் சாராய ஆலைக் கழிவும் சகிக்காமல் அங்கே குடியிருந்தவர்கள் நடுவரிடம் போனார்கள். சாக்கடை கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. நகராட்சி, "பணம் இல்லை" என்று சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1980-இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு, பணமில்லை என்பது கடமையிலிருந்து தப்பிக்கும் சாக்கு ஆகாது என்று சொல்லிவிட்டது. உங்கள் நகராட்சியும் இதே பதிலைச் சொல்லும்போது இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுங்கள்.

அடுத்த கதவு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. சென்னையில் உள்ள தெற்கு அமர்வு தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகியவற்றை விசாரிக்கிறது. சட்டம் படித்த உறுப்பினரோடு துறை நிபுணரும் சேர்ந்து உட்காருவதுதான் இதன் சிறப்பு. தண்ணீர், காற்று, வனப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பல்லுயிர்ப் பெருக்கம் போன்ற அதன் அட்டவணையில் உள்ள சட்டங்கள் சம்பந்தப்பட்ட வழக்குகளைத்தான் அது எடுக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அந்த அட்டவணையில் இல்லை. யானை வழித்தடத்தில் வேலி போட்டுவிட்டார்கள் என்பது முழுக்க வனவிலங்குச் சட்டப் பிரச்சினை என்றால், அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தென்மாவட்டத்தவருக்கு மதுரைக் கிளை இருக்கிறது.

கதவு மாறினால் என்ன ஆகும் என்பதற்குத் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை வழக்கே சாட்சி. ஆலையை மூடிய அரசாணையைப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் ரத்து செய்தது. அந்த மேல்முறையீட்டை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமே இல்லை என்று 2019 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லி, அந்த உத்தரவை ரத்து செய்தது. பிறகு நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2020 ஆகஸ்டில் அங்கேயும் தோற்று, 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு முடிந்தது. பெரிய வக்கீல்களை வைத்திருந்த தரப்புக்கே இந்த நிலை. நாம் கேஸ் எழுதுவதற்கு முன்பு இந்தக் கேள்விக்காக மட்டுமாவது ஒரு வக்கீலோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். உதவி எண் 15100.

தீர்ப்பாயத்தில் என்ன நடக்கும்

எல்லாவற்றுக்கும் முன்னால் நாட்காட்டியைப் பாருங்கள். பிரச்சினைக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் தருவார்கள். இழப்பீடோ, கெட்டுப்போன இடத்தைச் சீரமைப்பதோ கேட்டால் ஐந்து ஆண்டு. ஒரு திட்டத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் வெறும் 30 நாள். கெஞ்சிக் கூத்தாடினால் இன்னும் 60 நாள். 91-ஆவது நாள் போனால் உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு திறக்காது. நல்ல வழக்குகள் இப்படிச் செத்துப்போனதைப் பார்த்து மனம் வெந்துபோயிருக்கிறேன். முதல் பத்தியில் சொன்ன எட்டு மாதக் கதையை இப்போது திரும்ப நினைத்துப் பாருங்கள்.

கட்டணம், இழப்பீடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம். இணையவழியில் தாக்கல் செய்யலாம், காணொலியில் ஆஜராகலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் அனுமதி உண்டு. நடவடிக்கைகள் ஆங்கிலத்தில்தான். தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வைத்தால் இந்த வேலையைச் செய்துவிடுவார்கள். நாளிதழ்ச் செய்தியைப் பார்த்தோ, கடிதத்தைப் பார்த்தோ தானாகவே வழக்கு எடுக்கும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று 2021 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்திருக்கிறது. அதனால் உள்ளூர் நிருபரோடு பழக்கம் வைத்துக்கொள்வதும் சட்ட வேலைதான்.

மனுவில் ஆலையையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மறக்காதீர்கள். வாரியத்தையும் ஆட்சியரையும் மட்டும் சேர்த்து ஆலைக்கு எதிரான உத்தரவு வாங்கினால், "எங்களைக் கேட்கவே இல்லை" என்ற ஒரே காரணத்தால் அது மேலே போய் அடிபடும். சுப்ரீம் கோர்ட் பலமுறை அப்படிச் செய்திருக்கிறது. கேட்கும் நிவாரணத்தைத் துல்லியமாக எழுதுங்கள்: கழிவு விடுவதை நிறுத்த இடைக்கால உத்தரவு, வாரியம் மாதிரி எடுத்து அறிக்கை தர வேண்டும், ஏரியைச் சீரமைக்கும் செலவு ஆலையிடமிருந்து வசூலாக வேண்டும்.

பெரும்பாலும் தீர்ப்பாயம் முதலில் ஒரு கூட்டுக் குழுவை அமைத்து நேரில் பார்த்து அறிக்கை கேட்கும். எனக்கு இதுதான் வழக்கின் உண்மையான நாள். குழு வரும் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கூடவே நடங்கள். சுத்தமாகக் கழுவி வைத்த முன்வாசலோடு அவர்கள் திரும்பிவிடக் கூடாது. உங்கள் நோட்டை எடுத்து, "இந்த மதகைப் பாருங்கள், இந்தக் குழாயைப் பாருங்கள்" என்று காட்டுங்கள். அறிக்கையில் விட்டுப்போனது இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

"ஜெயிலில் போட முடியுமா?" என்று கேட்பார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் முன்பு சிறை இருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அது பெரும்பாலும் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரையான அபராதமாகிவிட்டது. பெரிய நிறுவனத்துக்கு இது பணமே இல்லை என்பது என் கருத்து. ஆனால் தீர்ப்பாயத்தின் உத்தரவை மீறினால் மூன்று ஆண்டு சிறையோ 10 கோடி ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அதனால்தான் உத்தரவு என்று ஒன்றை வாங்குவது முக்கியமாகிறது. அதில் திருப்தி இல்லாதவர் 90 நாளுக்குள் சுப்ரீம் கோர்ட் போகலாம்.

திட்டம் இனிமேல்தான் வருகிறது என்றால்

கெட்ட பிறகு ஓடுவதைவிட இது எளிது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பல பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வரும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் போய்க் கேட்டுப் படிக்கலாம். ஊரில் இருக்கும் ஓடையும் கிணறும் அந்த அறிக்கையில் இருக்கின்றனவா என்று மட்டும் சரிபார்த்தாலே பாதி வேலை முடிந்தது. கூட்டத்தில் பேசுவதோடு நிறுத்தாமல் எழுத்திலும் கொடுங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. நீங்கள் சொன்னது அதில் வரவில்லை என்றால் அங்கேயே எழுந்து சொல்லிச் சேர்க்க வையுங்கள். பிறகு அனுமதி வந்துவிட்டதா என்று மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள். அந்த 30 நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும்.

உத்தரவு கைக்கு வந்த பிறகு

நொய்யல் ஆற்று விவசாயிகளிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய இடம் இது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. அந்தப் பாசனத்தை நம்பியிருந்த ஆயக்கட்டுக்காரர்கள் உயர் நீதிமன்றம் போய் 2006-இல் உத்தரவு வாங்கினார்கள். 2009-இல் சுப்ரீம் கோர்ட்டும் அவர்கள் பக்கம் நின்றது. அதற்கும் கழிவு நிற்கவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, நீதிமன்ற அவமதிப்பு மனுப் போட்டார்கள். 2011 ஜனவரி 28 அன்று, ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடாத ஏற்பாட்டை முடிக்காத 700-க்கு மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. தொழிலாளர்கள் பட்ட பாடும் அதில் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. விதியை முதலிலேயே அமல்படுத்தியிருந்தால் அந்த ஒட்டுமொத்த மூடலே தேவைப்பட்டிருக்காது.

பாலாற்றுக்கு வருகிறேன். 1991-இல் போட்ட மனு, 1996-இல் நாடே மேற்கோள் காட்டும் தீர்ப்பு. அப்படியும், மாசுபடுத்தியவர்களிடமிருந்து இழப்பீட்டை வசூலிக்கவும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் சுப்ரீம் கோர்ட் திரும்பவும் உத்தரவு போட வேண்டியிருந்தது, 2025 ஜனவரியில். நடுவில் போனது ஒரு தலைமுறை.

எனவே உத்தரவு வந்த அன்று இனிப்புக் கொடுங்கள், தப்பில்லை. அன்று சாயங்காலமே உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதை வரிவரியாகப் பிரித்து, யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று ஒரு பட்டியல் எழுதி ஊர்ப் பொது இடத்தில் ஒட்டுங்கள். கெடு முடிந்த மறுநாள் வாரியத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு போகட்டும்: 'உத்தரவை நிறைவேற்றிய அறிக்கையின் நகல் வேண்டும்.' நிறைவேற்றவில்லை என்றால் நிறைவேற்றக் கோரும் மனு. அப்புறம் அந்தப் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு, முதல் படம் எடுத்த அதே மதகுக்கு அருகில் போய் நின்று, அதே திசையில் இன்னொரு படம் எடுங்கள். தேதியை எழுதுங்கள்.